புகார்ப் பெட்டியில் நன்றிக் கடுதாசி

அந்தம்மாவை முதல்ல பார்த்தப்ப, உண்மையைச் சொல்றேன், தூக்கி வெளியில போடணும்னுதான் எனக்குத் தோணுச்சு. என் கையில ஊசி குத்தி மெஷினோட மாட்டி வச்சிருந்ததால அவங்க தப்பிச்சாங்க.

நான் டெய்லர். பேண்டுக்கு இடுப்பு பிடிக்கிறது, கிழிஞ்ச ஜிப் மாத்துறதுன்னு ஆல்டரேஷன் வேலை. ரெண்டு கிட்னியும் கையை விரிச்சப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். காசு குடுத்துப் பண்றதுன்னா தையல் மெஷினை வித்து, அப்புறம் எங்க வீட்டுக்காரரையும் விக்கணும். அவரை யாரு வாங்குவா? எங்க டாக்டரய்யா டிரஸ்ட்டுலதான் எல்லாம் இலவசம். சொந்த வீட்டோட கீழ்த்தளத்துச் சுவரையெல்லாம் இடிச்சு எட்டு மெஷின் போட்டு ஆரம்பிச்சவர் அவர். அந்த எட்டுல ஒண்ணுலதான் என் உசிரு ஓடுது.

அப்படிப்பட்ட இடத்தைச் சோதிக்க ஒரு அம்மா வந்திருக்காங்கன்னா எப்படி இருக்கும்? நன்கொடை குடுக்கிற ஒரு பெரிய அமைப்பு, டிரஸ்ட் ஒழுங்கா நடக்குதா, பொறுப்பா பதில் சொல்றாங்களான்னு பார்த்து மார்க் போட அனுப்பியிருந்தாங்க. தட்டையான செருப்பு, காதுல சொருகின பென்சில், நாற்பதைத் தாண்டின வயசு. ஸ்டூலை இழுத்து என் கட்டில் பக்கத்துல போட்டு உக்காந்தாங்க.

"அக்கா, இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "குறையா? உசிரு குடுத்த இடத்துல குறை தேடுறதுக்கு நான் என்ன அவ்வளவு கேடு கெட்டவளா? தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பார்ப்பாங்க?"

"சரிதான்க்கா. அந்த மாட்டுக்கே பல்லு வலிச்சா?"

என்கிட்ட வாய் குடுத்துட்டு ஜெயிச்சவங்க கம்மி. அன்னைக்கு இந்தம்மாவும் அந்தக் கணக்குல சேர்ந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வார்டு முழுக்க அவங்களுக்குக் கேள்விக்காரம்மான்னு பேரு வச்சாச்சு.

அந்தக் கேள்வி என்னைக் குத்துனதுக்குக் காரணம் இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல தபால்காரண்ணன். வேலையில இருந்தப்ப தெருத்தெருவா நடந்த மனுஷன், பூஞ்சை உடம்பாப் போயிட்டார். மெஷின் ஓட ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல அவருக்குக் குளிர் நடுக்கம் வரும். கட்டிலே ஆடும். அவருக்கு மட்டுமில்ல, இன்னும் மூணு பேருக்கு. எனக்கும் அப்பப்ப. டாக்டரய்யா ரவுண்ட்ஸ் வர்ற சத்தம் கேட்டா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கிட்டு சிரிப்போம். தபால்காரண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிப்பார். சிஸ்டரும் வாயைத் திறக்க மாட்டா. "ஐயா மனசு கஷ்டப்படும்"னுவா. எல்லாரும் சேர்ந்து அவரை அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம்.

நான் அடுத்த முறைக்கு வந்தப்ப புகார்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க கேள்விக்காரம்மா. வச்ச அன்னைக்கு வச்சதோட சரி, ஏழு வருஷமா யாரும் திறக்கல. பூட்டு இறுகிப் போயி எண்ணெய் விட வேண்டியிருந்துச்சு. கவுத்தா பொலபொலன்னு கொட்டுது கடுதாசி. எல்லாம் என்ன? "ஐயா நூறு வருஷம் இருக்கணும்." "எங்க குலசாமி நீங்க." ஒண்ணு என் கையெழுத்து. டாக்டரய்யா ஒவ்வொண்ணா படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். எனக்கும் பெருமைதான், பார்த்துக்கட்டும் இந்தம்மான்னு.

"பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்குங்கய்யா?"

"என்கிட்டதாம்மா. பத்திரமா வச்சிருக்கேன்."

"பெட்டி எப்பவும் உங்க ரூம் வாசல்லதான் மாட்டியிருக்குமா?"

"ஆமாம்மா. நான் பாக்குற மாதிரி இருக்கட்டும்னுதான்."

அந்தம்மா பென்சிலைக் காதுல இருந்து எடுத்து எழுதிக்கிட்டாங்க.

டிரஸ்டிங்க யாரு யாருன்னும் கேட்டிருக்காங்க. டாக்டர், அவர் வீட்டம்மா, மச்சினர், அப்புறம் எங்கேயோ தூரதேசத்துல இருக்கிற கூடப் படிச்ச சிநேகிதர் ஒருத்தர். "மீட்டிங்ல டாக்டர் சொன்னதை யாராவது வேண்டாம்னு சொன்னதுண்டா?"ன்னதுக்கு மச்சினர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். "எங்கக்கா ஒருத்திதாங்க வேண்டாம்பா. அதுவும் அவர் இன்னொரு தட்டு சோறு கேக்கும்போது!"

அடுத்த தடவை அந்தம்மா ஸ்டூலைப் போட்டதும் நான் பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். "நீங்க மார்க்கைக் குறைச்சுப் போட்டா இந்த மெஷின் நின்னு போகும். நாங்க எட்டுக் கட்டிலும் உங்க வீட்டு வாசல்ல வந்து சாவோம். நல்லவர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க!"

திட்டுனதை முழுசாக் கேட்டுட்டுத்தான் வாயைத் திறந்தாங்க.

"எங்கப்பாவும் நல்லவர்தான்க்கா. நெஞ்சுச்சளி நோயாளிகளுக்கு இலவச ஆஸ்பத்திரி நடத்துனார். நான்தான் அங்க சீட்டு எழுதுவேன். எல்லா முடிவும் அப்பாதான். மருந்து எங்க வாங்குறது, யார் கையெழுத்துப் போடுறது, எல்லாம் அவர் மண்டைக்குள்ள. அவர் நல்லவர்ங்கிறதால யாரும் எதையும் கேக்கல. நானும் கேக்கல. திடீர்னு போயிட்டார். ஒரே மாசத்துல கதவைச் சாத்தியாச்சு. கையில சீட்டோட வந்து நின்னவங்ககிட்ட, மருந்து இல்லைன்னு வாசல்ல நின்னு சொன்னது நான்தான்."

அதுக்கப்புறம் அந்தம்மா கல்யாணம் காட்சின்னு போகல. அக்கா வீட்டு மாடியில ஒரு ரூம், ஊர் ஊரா பஸ், போற இடமெல்லாம் பேச்சு வாங்குறது. "நல்லவங்க இடமாப் பார்த்துப் போய்த்தான் அதிகமாக் கேக்குறேன். கெட்டவங்களை ஜனங்களே கேட்டுருவாங்க"ன்னாங்க. அடிப்பாவி மகளே, இவ்வளவையும் நெஞ்சுல வச்சுக்கிட்டா என்கிட்ட ஏச்சு வாங்குனன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்காக மார்க்கை ஏத்திப் போட்டாங்களா? கிடையாது. சிகிச்சைக்கு நல்ல மார்க். நிர்வாகத்துக்குக் கடைசிக்கு முந்தின மார்க். 'ஏழு வருஷத்துல ஒரு குறைகூட வரவில்லை. இதுவே இங்குள்ள பெரிய குறை'ன்னு அறிக்கையில எழுதிட்டாங்க. உதவி நின்னுடும்னே எல்லாரும் நினைச்சோம். ஆனா உதவியை நிறுத்தச் சொல்லல. ஆறு மாசம் தவணை. உறவுக்காரங்க இல்லாத ரெண்டு பேரு டிரஸ்ட்டுக்குள்ள வரணும், டாக்டருக்கு முடியலைன்னா யாருன்னு எழுதி வைக்கணும், நோயாளிங்க சார்பா ஒருத்தர் மீட்டிங்ல உக்காரணும்.

டாக்டரய்யா நொந்து போயிட்டார். ரவுண்ட்ஸ்ல வழக்கமா அடிக்கிற ஜோக்கைக்கூட நிறுத்திட்டார். அப்புறம் அவரே, "சரி, உங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க"ன்னார். எட்டுக் கட்டிலும் ஒரே குரலா என்னைக் காட்டுச்சு. "வாய் இருக்கிறது அவளுக்குத்தான்"னுட்டாங்க. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க!

முதல் மீட்டிங். நீள மேஜை, தண்ணி பாட்டில், புதுசா வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் ஒரு வக்கீலம்மாவும். டாக்டரய்யா மேல்மாடியில இன்னும் நாலு மெஷின் போடணும்னார். நல்ல விஷயம். வெளியில இடத்துக்குக் காத்துக்கிட்டு எத்தனை பேரு! எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. என் பக்கம் திரும்பி, "என்னம்மா, சம்மதந்தானே?"ன்னார்.

நான் முன்னால இருந்த தண்ணி பாட்டிலைத் தள்ளி வச்சேன். வீட்டுல கிளம்பும்போதே எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். "உன் கட்டில் அவர் கையில இருக்கு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாத. நீ இல்லாம என்னால முடியாது." இருபத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல. பேசுனா கட்டில் போகுமோ? பேசலைன்னா தபால்காரண்ணன் போயிடுவாரோ? போன தடவை நடுக்கத்துல அவர் உதடு நீலமாகியிருந்ததை நான் பார்த்தேன்.

"வேண்டாங்கய்யா"ன்னேன்.

மேஜையைச் சுத்தி எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு.

"இருக்கிற எட்டை முதல்ல பாருங்கய்யா. மெஷின் ஓடும்போது எங்களுக்கு நடுங்குது. தபால்காரண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும். நீங்க வரும்போது போர்வைக்குள்ள மறைச்சுக்குவோம். ரொம்ப நாளாவே இப்படித்தான்."

டாக்டரய்யா முகத்துல ஈ ஆடல. "ஏன்... ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிங்கய்யா சொல்றது? நாங்க கும்பிடுற மனுஷனாச்சே!"

அவர் எழுந்தார். நாற்காலியைத் தள்ளிட்டு வெளியில போயிட்டார். மச்சினர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, எரிச்சுடுற மாதிரி. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோறு இறங்கல. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டார். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தோம்.

விடிஞ்சா என் முறை. போனா வார்டு வாசல்ல டாக்டரய்யாவே நிக்கிறார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு.

"உங்களுக்கு இன்னைக்கு இங்க மெஷின் கிடையாதும்மா."

சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

"யாருக்குமே கிடையாது"ன்னார். "மெஷினுக்குத் தண்ணி சுத்தம் பண்ணுற பிளாண்டை ராத்திரியே பிரிச்சாச்சு. குழாய்க்குள்ள அவ்வளவு அழுக்கு. நடுக்கத்துக்கு அதுதான் காரணமா இருக்கும். எல்லாத்தையும் மாத்தணும். அதுவரைக்கும் பெரிய ஆஸ்பத்திரியில உங்களுக்கெல்லாம் இடம் பேசிட்டேன். வேன் நிக்குது, ஏறுங்க. மேல்மாடி அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். டாக்டரய்யா என் தோளைத் தொட்டு, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு தாயி"ன்னார். அந்த மனுஷனுக்கும், எந்த ஊர் பஸ்ஸுல போயிக்கிட்டிருந்தாங்களோ அந்தக் கேள்விக்காரம்மாவுக்கும் சேர்த்து மனசார ஒரு கும்பிடு போட்டேன். அவங்க நல்லா இருக்கணும். எங்க திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு எங்களைப் பிழைக்க வச்ச புண்ணியவதி.

வேன்ல டாக்டரய்யாவும் ஏறி, தபால்காரண்ணன் பக்கத்துல நெருக்கியடிச்சு உக்காந்தார். "சொல்லுங்கண்ணே, எப்ப நடுக்கம் வரும்? எப்படி இருக்கும்?"ன்னார்.

தபால்காரண்ணன் பழக்கதோஷத்துல முதல்ல சிரிச்சார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டுனேன். அப்புறம் மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சவர், ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் நிறுத்தவே இல்ல. டாக்டரய்யா குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேட்டுக்கிட்டே வந்தார்.