துண்டுக்குள் சொன்ன விலை

படாளம் பக்கத்து மாட்டுச் சந்தையில் ஒரு மாட்டின் விலை தெரியவேண்டுமென்றால், மாட்டைப் பார்ப்பதைவிடத் தரகர் காத்தவராயன் முகத்தைப் பார்ப்பது மேல் என்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வராத மனுஷன். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகில் ஒரு தட்டு தட்டி, பத்தடி நடக்கவிட்டால் போதும், விலை மனசில் விழுந்துவிடும். அதையும் வாயால் சொல்லமாட்டார். சந்தை வழக்கம் அப்படி. தோளில் கிடக்கும் துண்டைக் கையின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் நூறு, கை முழுவதும் பிடித்தால் ஐந்நூறு. முப்பது வருஷத் தரகில், அவர் சொன்ன விலையை நம்பி மோசம் போனேன் என்று ஒருவன் வந்து நின்றதில்லை. அந்தப் பேர்தான் அவருக்குச் சோறு போட்டது.

மற்ற தரகர்கள் நடந்தும் பஸ்ஸிலும் அலைந்த காலத்திலேயே அவரிடம் புல்லட் இருந்தது. அறுபத்து மூன்றில் செங்கல்பட்டில் பழைய வண்டியாக வாங்கியது. மதுராந்தகம், கடப்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று மாடு தேடி அதில்தான் போவார். திரும்பி வரும்போது ஹாண்டில்பாரில் ஓலைக்கூடையில் மீன் தொங்கும். கடலோரத்து உப்புக்காற்றிலேயே வண்டி பதிமூன்று வருஷம் ஓடிற்று.

எழுபத்தாறு தை மாசத்தில் ஒரு முரட்டுக் காளை உதைத்து அவருடைய வலது முட்டி போயிற்று. கிக்கரை மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். விலை கேட்டவர்களிடம் நாலாயிரம் என்றார். கேட்டவன் எவனும் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாலாயிரம் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அவர் மனைவி வச்சலா.

"வாங்குனது ரெண்டாயிரத்து அறுநூறு. டயரு மாத்துனேன், பிஸ்டன் மாத்துனேன், சீட்டுக்குத் தோலு போட்டேன். எல்லாத்தையும் கூட்டிப் பாரு."

வச்சலா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன்யா, மாடு தின்ன புண்ணாக்கு மாட்டோட போச்சு, வாங்கறவன் அதுக்குத் துட்டு தருவானான்னு சந்தையில ஊருக்கெல்லாம் சொல்லுவியே. உன் வண்டி தின்னதுக்கு மட்டும் எவன் தருவான்?"

"மாடு வேற, வண்டி வேற."

"இன்னா வேற? ரெண்டுமே கெயடாச்சுன்னா உக்காந்துக்கும்."

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று ஊருக்கெல்லாம் சொல்லி விலையைக் குறைக்க வைத்த மனுஷன்தான். தன் குஞ்சு என்று வந்ததும் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்தைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். விற்கிற மாட்டுக்குக் கட்டுவதுபோல ஹாண்டிலில் வைக்கோல் பிரியும் கட்டினார். ஏழு மாசம் வண்டி அங்கேயே நின்றது.

வண்டி விற்காதது போகட்டும். அதைவிடக் கெட்டது ஒன்று நடந்தது. நாலாயிரம் என்ற பேச்சு சந்தையில் சிரிப்பாய்ச் சிரித்தது. "இந்த ஓட்டைக்கு நாலாயிரம் சொல்றவரு, என் மாட்டுக்கு இன்னா லட்சணத்துல சொல்லுவாரு" என்று வாய்விட்டே சொன்னான் கருப்பன். பத்து வருஷமாக அவரிடமே மாடு பிடித்துக்கொண்டிருந்த விவசாயி அவன். அடுத்த வாரம் அவன் இன்னொரு தரகரான தாண்டவராயனிடம் போனான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். காத்தவராயனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. இருந்தாலும் நாலாயிரத்தை விடவில்லை. இப்போது இறங்கினால் இத்தனை மாசமும் சொன்னது பொய் என்றாகிவிடாதா?

ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. பின்சக்கரத்து மட்கார்டின் அடிப்பக்கத்தை உப்பு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அதில் தகரத்துண்டை ஒட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். கிழட்டு மாட்டை இளசாகக் காட்ட அதன் கொம்பைச் சீவி, எண்ணெயும் கரியும் தடவிக்கொண்டு வருகிறவனைச் சந்தையை விட்டே துரத்தின கை அது.

மறுநாள் சந்தைக்கு ஒரு புது ஆள் வந்தார். பெயர் கோபாலகிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கம். கல்பாக்கம் அணுமின் நிலைய வேலையில் ஓவர்சியர், செங்கல்பட்டில் குடித்தனம். நேராகக் காத்தவராயனிடம் வந்து கும்பிட்டார்.

"ஐயா, அந்த புல்லட் நாலாயிரம்னு கேள்விப்பட்டேன். பணம் கொண்டாந்திருக்கேன். ஆனா எனக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. விலை நியாயமான்னு யாரைக் கேக்கலாம்னு விசாரிச்சேன். காத்தவராயன் சொன்னா சரியா இருக்கும்னு அவர் சொன்னாரு." திரும்பிக் கையைக் காட்டினார். தாண்டவராயன் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றிருந்தான். "நீங்களே எனக்குத் தரகு பண்ணுங்க. வண்டிக்காரர் யாருங்க?"

சந்தையே இந்தப் பக்கம் திரும்பிற்று. கருப்பன் தன் காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தான். காத்தவராயன் தலையை ஆட்டினால் போதும், நாலாயிரமும் மடியில் விழுந்துவிடும். ஓவர்சியர் கேள்வி கேட்கப்போவதில்லை.

அவர் துண்டை எடுத்தார். இடது கையின்மேல் போட்டுக்கொண்டு, வலது கையை அதற்குள் விட்டுத் தன் விரலைத் தானே பிடித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எத்தனையோ பேர் விரலைப் பிடித்த கை. பிடித்ததுமே எதிராளி மனசில் இருக்கிற விலை அதற்குத் தெரிந்துவிடும். தன் கையைப் பிடித்தபோதும் தெரிந்தது. பார்க்கப்போனால் ஏழு மாசமாகத் தெரிந்த விலைதான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டிக்காரன் நான்தான் சார். இங்க வந்து பாருங்க." குனிய முடியாமல் குனிந்து, மட்கார்டில் அடித்த பெயிண்டைச் சாவியால் சுரண்டினார். தகரம் பெயர்ந்து வந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். "உப்பு தின்னது. நேத்துதான் மூடுனேன். கொம்புக்குக் கரி தடவுன மாரி. என்ஜினு நல்லா கீது, அதுல பொய் இல்ல. ஆயிரத்து எட்டுநூறு தரலாம். அதுக்கு மேல தராதீங்க."

ஓவர்சியர் அவரையே பார்த்தார். "அப்ப நாலாயிரம்?"

"அது வண்டிக்காரன் சொன்னது சார். இது தரகன் சொல்றது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஓவர்சியர் கிக்கரை மிதித்தார். மூன்றாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காத்தவராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல ஆளிடம்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஹாண்டிலில் இருந்த வைக்கோல் பிரியை அவிழ்த்தார். பணத்தை வாங்கி அதிலிருந்து ஐந்து ரூபாயைத் தனியே எடுத்துத் தரகுப் பையில் போட்டார்.

"அது எதுக்குங்க?" என்றார் ஓவர்சியர்.

"விக்கிறவன் தரகு சார். நீங்க ஒரு அஞ்சு தரணும்."

ஓவர்சியர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். புல்லட் ஜி.எஸ்.டி. ரோடு ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் போயிற்று. தாண்டவராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். காத்தவராயன் புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். வச்சலாவுக்கு விலையைச் சொன்னால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். சொல்லட்டும்.

கருப்பன் காளையை ஓட்டிக்கொண்டு வந்து எதிரில் நிறுத்தினான்.

"இதுக்கு ஒரு வெல சொல்லு அண்ணாத்த."

காத்தவராயன் மரத்தைப் பிடித்து எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கருப்பன் கையை நீட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் காளையின் கொம்பை அழுத்தித் துடைத்தான். துணி கறுப்பாயிற்று.

"இப்ப சொல்லு" என்று அவர் துண்டுக்குள் கையை விட்டான்.