உப்புக் கிண்ணத்துக்கு லாத்வியா என்று பெயர்

எங்கள் வீட்டில் உப்புக் கிண்ணத்துக்கு லாத்வியா என்று பெயர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் "அந்த லாத்வியாவ இப்படி தள்ளு லா" என்பான் என் மகன். மருமகள் தள்ளிவிடுவாள். யாரும் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மரக் கிண்ணம் அது. வெளிர் நிற மரம், விளிம்பைச் சுற்றி ஒற்றை வரிச் செதுக்கல், மூடி கிடையாது. பினாங்குக் காற்றின் ஈரத்தில் மூடாத உப்பு நீர் விட்டுக்கொண்டே இருக்கும் என்று நாலைந்து அரிசியைப் போட்டு வைத்திருக்கிறேன். மரம் உளுத்துவிடுமோ, வெடித்துவிடுமோ என்று அவ்வப்போது அதைக் காலி செய்து, துடைத்து, நிழலில் காயவைப்பது என் வேலை. வேறு யாரையும் தொட விடுவதில்லை. "கல்யாண மோதிரத்தக்கூட நீங்க இப்படி துடைச்சதில்ல" என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

அதை எனக்குத் தந்தவர் மேடம். கப்பல் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். பீச் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவருடைய பேச்சில் அந்த ஊரின் இழுப்பு கடைசிவரை போகவில்லை. நான் அவருடைய காரோட்டி. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாக் மண்டினில் ஒரு பட்டறையில் இரும்பு அறுத்து, லாரி ஓட்டி, அப்புறம் அவரிடம் வந்து சேர்ந்தேன். கவலைப்படுவது எனக்குக் கூடப் பிறந்தது. காரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மேடத்தை விமானம் ஏற்றிவிட்டு வந்தால், அது இறங்கிவிட்டது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. "நீர் கவலைப்படுறதில எனக்கொரு வசதி இருக்கு தம்பி. நான் தனியாக் கவலைப்படத் தேவையில்லை" என்பார்.

கப்பல் வழக்குகளால் வந்த பழக்கத்தில்தான் லாத்வியா நாடு அவரைப் பினாங்கில் தன் பிரதிநிதியாக, கௌரவ கான்சலாக வைத்துக்கொண்டது. கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். நான் படித்த பள்ளிக்கூடத்தின் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அப்படி ஒரு நாடே கிடையாது. அந்தப் பக்கமெல்லாம் ஒரே நிறத்தில் சோவியத் யூனியன் என்று விரிந்து கிடந்தது. அந்த நிறத்துக்குள்ளிருந்து தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்த நாடு என்று மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெரிய நாட்டுக்குப் பட்டாளம் இருக்கு. சின்ன நாடு ஊருக்கு ஊர் தெரிஞ்ச ஆக்கள வச்சிருக்கோணும். பினாங்கில அது நாங்கள்தான்" என்றார் ஒருநாள். அந்த 'நாங்கள்' எனக்குள் என்னவோ செய்தது. மாடிப்படி வாசலில் பித்தளைப் பலகை ஒன்று, அந்த நாட்டின் சின்னத்தோடு இருந்தது. தினமும் காலையில் அதைத் துடைக்கும்போது, தோட்டத்துப் பையன் ஒருத்தன் ஒரு நாட்டின் முகத்தைத் துடைக்கிறான் என்று தோன்றும். கூடவே, பாலிஷ் அதிகமாகப் போட்டு எழுத்து தேய்ந்துவிடுமோ என்ற பயமும் வரும்.

பெரும்பாலும் அது சின்னச் சின்ன வேலைதான். பாஸ்போர்ட்டைத் தொலைத்த சுற்றுப்பயணிகள், மரம் விற்க வந்த வியாபாரிகள், நவம்பரில் அவர்களுடைய தேசிய நாளுக்கு ஒரு தேநீர் விருந்து. அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஜூன் மாதத்தில் அந்த லாத்வியக் கப்பல்காரர் வந்தார். எஞ்சின் அறையில் வேலை செய்தவர். மலாக்கா நீரிணையில் போய்க்கொண்டிருந்த கப்பலில் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். படகில் இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் தன் வழியே போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். வலது கையும் காலும் விழுந்திருந்தன. அதைவிடக் கொடுமை, இத்தனை வருஷம் கப்பல் கப்பலாகப் பேசிப் பழகிய ஆங்கிலம் ஒரு சொல் மிச்சமில்லாமல் போயிருந்தது. அவருடைய தாய்மொழி மட்டும் குழறிக் குழறி வந்தது. அதைப் புரிந்துகொள்ள இந்தத் தீவில் ஆள் இல்லை. மேடம் தினமும் அவர் மனைவியைப் போனில் பிடித்து அவர் காதில் வைப்பார். போன் வைத்ததும் மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாட்டைத் தொடமாட்டார்.

"நீர் போய்க் கொஞ்சம் பக்கத்தில இரும்" என்றார் மேடம் என்னிடம்.

"நான் போய் என்னா பேசறது மேடம்? எனக்கு இங்கிலீஷே சரியா வராது."

"அதுக்குத்தான் உம்மை அனுப்புறன். இப்ப உமக்கும் அவருக்கும் ஒரே அளவு இங்கிலீஷ்."

போனேன். கஞ்சியை ஆற்றி, கரண்டியில் எடுத்து, "சாப்பிடு" என்றேன். என்னைப் பார்த்தார். மறுபடியும் "சாப்பிடு" என்றேன். எனக்கு அதைவிட்டால் சொல்ல எதுவுமில்லை. தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒரு பக்கம் மட்டும் அசைந்த வாயால் சிரித்தார். அன்றைக்கு அரைக் கிண்ணம் இறங்கியது. அதன்பிறகு தினமும் நான்தான் ஊட்டினேன். ஆனாலும் ஆள் மெலிந்துகொண்டே போனார். சொந்தப் பேச்சு காதில் விழும் இடத்துக்குப் போனால்தான் தேறுவார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கூட ஒரு தாதியோடு படுத்தபடி போக விமானத்தில் இடமும் கிடைத்தது. விட்டால் அடுத்த இடம் எப்போது என்று தெரியாது. அவர்களுடைய தலைநகரம் ரீகாவில் இறங்கியதும் அரசாங்கம் அவரை ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் ஏற்றிக்கொள்வோம் என்றது விமான நிறுவனம். அந்த உறுதியைத் தலைநகரம் தரவேண்டும். அது அவர்களுடைய கோடைத் திருநாள். ஊரே நகரத்தைக் காலி செய்துவிட்டுக் காட்டோரம் தீ மூட்டி விடிய விடியப் பாடுகிற நாட்கள். தலைநகரத்திலும் சரி, தூதரகத்திலும் சரி, மேடத்தின் போனை யாரும் எடுக்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. தீபாவளியன்று நம் அலுவலகங்களுக்குப் போன் போட்டால் யார் எடுப்பார்கள்?

மேடம் உட்கார்ந்து, லாத்வியா அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று எழுதி, கான்சல் முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டார். அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். "மேடம், பின்னால பிரச்சினை வந்துரும்" என்றேன். "வரட்டும். வந்தா, கதைச்சுக்கொள்ளலாம். இவர் செத்தா யாரோட கதைக்கிறது?" என்றார்.

கப்பல்காரர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். பிரச்சினையும் வந்தது. வேறொரு நாட்டில் இருந்துகொண்டு மலேசியாவையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் அவர்களுடைய தூதர் போனில் பேசினார். யாரைக் கேட்டு ஒரு நாட்டின் பெயரில் வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாராம். மேடம் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. சில மாதங்கள் கழித்து, தானே பினாங்குக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. பதவியை எடுத்துக்கொள்ளத்தான் என்று மேடம் முடிவே கட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் காரில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மௌனம் எந்த மாதிரியானது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பித்தளைப் பலகையின் திருகாணிகளைக் கழற்றி, பட்டறைக் காலத்துப் பழக்கத்தில் பசை தடவி, கை வலிக்க முறுக்கிவிட்டேன். கழற்றுகிறவன் சுலபமாகக் கழற்றிவிடக் கூடாது என்று ஒரு எண்ணம்.

வரவேற்பில் மேடம் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, வருகிற விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் கையில் ஏந்திக் கொடுக்கவேண்டும். அவர்களுடைய ரொட்டி கறுப்பு. இங்கே அதற்கு எங்கே போவது? ரொட்டி பெங்காலி வாங்கிவரச் சொன்னார். வெள்ளை ரொட்டியைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே சூடு ஆறாமல் வாங்கிவந்தேன். மேடம் வீட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கழுவி அதில் உப்பை நிரப்பினார். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், உப்பையா கையில கொடுக்கப் போறீங்க? சண்டை வந்துரும் மேடம். எங்கம்மா அடுப்படியில உப்பு கேட்டாக்கூட கீழ வச்சிட்டுத்தான் எடுத்துக்கச் சொல்லுவாங்க."

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான். ஆனா இது அவையின்ர வழக்கம். பேசாமல் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து தூதரை ஏற்றிக்கொண்டு வந்தேன். உயரமான மனிதர். நம் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த கோட்டு. வழி முழுக்கக் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார். பைக்குள் பதவியைப் பறிக்கும் உத்தரவு இருக்கிறது என்று என் மனசுக்குள் உறுதியாகிவிட்டது. செங்குத்தான மாடிப்படியில் அவர் மூச்சு வாங்கி ஏறி வந்தபோது, மேடம் பட்டுச்சேலையில், தாம்பாளத்தோடு மேலே நின்றிருந்தார். தூதர் வழக்கப்படி இரண்டு கையையும் நீட்டினார். மேடம் ஓரடி முன்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்து மேசைமேல் தாம்பாளத்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. எல்லாம் என்னால் வந்தது, கெட்டது காரியம் என்று நினைத்தேன். மேடம் நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் வீடுகளில் உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். நமக்குள் ஏற்கனவே ஒரு சண்டை இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றார். தூதர் தாம்பாளத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். அவர்கள் ஊரில் உப்பைச் சிந்தினால் சண்டை வருமாம். சின்ன வயதில் அதற்காகத் தன் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாராம். மேலே வந்ததும் உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, கிண்ணம் சாய்ந்துவிடக்கூடாதே என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். ரொட்டியைப் பிய்த்து, உப்பில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டார். உலகத்தின் அந்தக் கோடியில் என்னைப்போலக் கவலைப்படுகிற ஒருவர் தூதராகவே இருக்கிறார் என்பது அந்த நிமிஷத்தில் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

கண்டிப்பும் இருந்தது. "அடுத்த முறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்றார் தூதர். "அடுத்த முறை நீங்கள் போனை எடுங்கள்" என்றார் மேடம். அடுத்த முறை என்று ஒன்று உண்டு என்பது அதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகுதான் தூதர் கைப்பையைத் திறந்தார். துணியில் சுற்றிய மரக் கிண்ணம் ஒன்று வந்தது. கப்பல்காரரின் மனைவி கொடுத்தனுப்பியது. அதை மேடம் பக்கம் நீட்டப் போனவர் சட்டென்று நிறுத்தி, மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது, பதில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றார். கணவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது, கைத்தடியோடு நடக்கிறார். ஆனால் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டில் கை வைக்குமுன் ஒரு சொல் சொல்கிறார். அது எந்த மொழி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தூதர் சிரமப்பட்டு அதைச் சொன்னார். "சாப்பிடு."

மேடம் கதவோரம் நின்ற என்னைக் கையால் காட்டி, "இவரிட்டக் கேளுங்கோ" என்றார். தமிழில் சொல்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

ஆறாம் வகுப்போடு நின்றவனிடம் ஒரு நாட்டின் தூதர் திரும்பி, பதிலுக்காகக் காத்து நின்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்த நேரத்தில் ஓடிப் போய்விட்டது. கையைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. தலையைத் தாழ்த்தி வணங்கினார். இன்றைக்கும் மனசு கலங்குகிற நாளில் அந்த வணக்கத்தை நினைத்துக்கொள்வேன்.

அதன்பிறகு பல வருஷம் மேடம் கான்சலாக இருந்து, வயதாகிவிட்டது என்று தானாகவே விலகினார். பலகையைக் கழற்ற வந்த ஆள் வியர்த்து விறுவிறுத்துப் போனான். "எந்தப் புண்ணியவான் இத முறுக்கினது?" என்று அவன் கேட்டபோது மேடம் என் பக்கம் திரும்பாமலே சிரித்தார். அன்று மாலை மேசையைக் காலி செய்யும்போது அந்த மரக் கிண்ணத்தை என் பக்கமாக வைத்து, கையை எடுத்துக்கொண்டார். "எடும். நாங்கள் சண்டை பிடிக்கக் கூடாது" என்றார். நாங்கள் சண்டை பிடிக்கவே இல்லை. மேடம் காலமாகி இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

இப்போதெல்லாம் அந்தப் பக்கத்துப் போர்ச் செய்தி தொலைக்காட்சியில் வந்தால் நான் சத்தத்தைக் கூட்டுவேன். படத்தில் அந்தச் சின்ன நாடு இருக்கிறதா, அதன் நிறம் மாறிவிடவில்லையே என்று பார்ப்பேன். நேற்று ராத்திரியும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க ஊருக்கு ஒன்னும் ஆகல. அது அங்கயேதான் இருக்கு. சோறு ஆறுது, வாங்க" என்றாள் மனைவி. போய் உட்கார்ந்தேன். அங்கே இது மதிய வேளை. கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் மேசைக்கு வந்திருப்பார், ஒரு சொல் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மருமகள் லாத்வியாவை என் முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.