நாரணாபுரத்து அக்காவும் என் நீலத் திரையும்

வீடியோ எடிட்டிங் என்பது முக்கால்வாசி காத்திருக்கிற வேலை. மீதிக் கால்வாசி, காத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற வேலை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் உதிரிபாகம் வாங்கிக் கோத்த ஒரு அசெம்பிள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிய என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அழுதிருப்பீர்கள்.

என் கடை சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கேமரா பிடிப்பது என் கூட்டாளி சிக்கந்தர். வெட்டி ஒட்டுவது நான். இடையில் புகுந்து கெடுப்பது கம்ப்யூட்டர்.

தள்ளி உட்கார்

அந்த வைகாசியில் நாரணாபுரத்து முத்துலட்சுமி அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா வெடி கம்பெனியில் இருபது வருசமாக மருந்து செலுத்துகிறவர். வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. கல்யாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ சிடி வாங்க டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார். நானும் பெருமையாக உட்காரச் சொன்னேன். ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, நான் துண்டு துண்டாக வெட்டி வைத்ததையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆறு மணி நேர வேலை. தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்தாயிற்று.

இன்னும் ரெண்டே நிமிசம்க்கா என்று சொல்லி வாயை மூடவில்லை, திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். அவ்வளவுதான், ஆறு மணி நேரமும் போச்சு. வேறு ஆளாக இருந்தால் கடையை ரெண்டு பண்ணியிருப்பார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா நிதானமாகத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்க கம்பெனியில புஸ்ஸுன்னு போன வெடி கிட்டக்கப் போகக் கூடாதும்பாக. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

ரெண்டு பேரும் சேர்ந்து

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். முகூர்த்த சீசனில் டேப்புக்குத் தட்டுப்பாடு. கேமராவில் எடுத்த டேப்பை கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அதே டேப்பை அடுத்த விசேசத்துக்கு சிக்கந்தர் கையில் கொடுத்துவிடுவேன். ஊரில் எல்லாரும் செய்ததுதான், நானும் செய்தேன். ஆக, அக்கா மகள் கல்யாணத்தின் மேல் காரியாபட்டியில் ஒரு காதுகுத்து பதிவாகிவிட்டது. கல்யாணம் என்று ஒன்று மிச்சம் இருப்பது என் ஹார்ட் டிஸ்கில் மட்டும். அந்தப் பெட்டியோ, படத்தை வேறு டிஸ்குக்கு மாற்றப் போனாலும் பாதியில் நீலமாகிறது. ஒருநாள் கோபத்தில் சிக்கந்தரிடம் எகிறினேன். அவன் பொறுமையாக, லேபிளைக் கிழித்துக் கொடுத்தது நீதானே மாப்ளே என்றான்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். அவராகவே பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் சொன்னதைவிட ரெண்டு வேன் ஆள் கூடுதலாக வந்து இறங்கிவிட்டதாம். பந்தியில் சோறு பத்தாது என்று தெரிந்ததும் அரிசி வாங்க இவரே ஓடியிருக்கிறார். மூட்டையோடு திரும்பி வரும்போது கெட்டிமேளம் முடிந்து ஆட்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. சரி, போட்டோவில் பார்க்கலாம் என்றால், போட்டோக்காரர் எடுத்ததில் மாப்பிள்ளையின் மாமா முதுகு அம்சமாக விழுந்திருக்கிறது. அந்த வீடியோவைத்தான் நம்பி இருக்கிறாராம்.

அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. டேப் போனது, படம் இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருப்பது, பெட்டி எந்த நேரமும் மண்டையைப் போடலாம் என்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று குனிந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீகள்ல, விடுங்க. இம்புட்டு நாளு நீங்க ஒத்தையில பயந்தீக, இனிமே ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்."

செருப்பு வைத்தியம்

அக்காவிடம் ஒரு பழக்கம். கடைக்குள் வருமுன் வாசல் இரும்புக் கிராதியில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பார். ரொம்ப பக்திபோல என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு கேட்டேவிட்டேன். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கின பிறகுதான் உள்ளே கால் வைக்கணும். இருபது வருசத்தில் கை தானாகப் போகிறது என்றார்.

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டி மேல் தற்செயலாகக் கை வைத்தவர், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுர்ருன்னு பிடிக்குதே தம்பி என்றார். நான் கூசாமல் சொன்னேன்: அது எப்பவும் அப்படித்தான்க்கா, அதுக்குத்தான் நானும் சிக்கந்தரும் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வேலை பார்ப்போம். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! படம் இருந்த பகுதியைத் தொடாமல் மூன்று தடவை சிஸ்டத்தை அழித்து ஏற்றியிருந்தேன், மெமரியை மாற்றியிருந்தேன், பெட்டிக்குத் திருநீறுகூடப் பூசியாயிற்று. கையில் பிடித்த கரண்டை மட்டும் நான் ஒரு விசயமாகவே நினைக்கவில்லை.

எர்த் குழி எங்கன இருக்கு என்று கேட்டு, கட்டடத்துக்குப் பின்னால் போனார். வெயிலில் காய்ந்து மண் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடந்தது. கசிகிற கரண்ட் குழிக் கம்பி வழியாக மண்ணில் இறங்க ஈரம் வேண்டுமாம்; கோடையில் கம்பெனிக் குழிகளுக்குத் தினமும் தண்ணி ஊற்றுவார்களாம். குடிக்கவே தண்ணி லாரியில் வருகிற ஊரில், நான் வைத்திருந்த ரெண்டு குடத்தையும் உப்பைக் கரைத்து அந்தக் குழியில் ஊற்றினார் அந்த மகராசி. மண் அதைக் குடித்துத் தீர்க்கிறவரை அங்கேயே நின்றார். உள்ளே வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுர் இல்லை.

"எங்க மருந்து ரூமுல இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தா, நாரணாபுரத்துல பாதிப் பேரு இருந்திருக்க மாட்டோம் தம்பி."

வாசல்

மறுநாளே ரெண்டரைப் போட்டேன். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. நானும் சிக்கந்தரும் மூச்சுக்கூட விடவில்லை. நூறு! அன்றே மூன்று சிடி எழுதி, தனித்தனி இடத்தில் ஒளித்து வைத்தோம். அடிபட்ட புத்தி.

ஞாயிறு அக்கா வந்தார். சிடியைப் பையில் வைத்துக்கொண்டும் கிளம்பவில்லை. ஊருக்குப் போனால் தெருவே கூடி உட்கார்ந்துவிடும், முதலில் நான் மட்டும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றார். போட்டேன். மாலை மாற்றினார்கள். நாதஸ்வரம் வேகம் பிடித்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்து மகள் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

கம்ப்யூட்டர் நின்றது. எர்த் வைத்தியம் எல்லாம் செய்தும் பிறவிக் குணம் போகவில்லை. மேளம் ர்ர்ர் என்று ஒரே சத்தத்தில் சிக்கிக்கொண்டது. பதறிப்போய் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ரீசெட் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

அப்போதுதான் நானும் படத்தைப் பார்த்தேன். தாலியோடு மாப்பிள்ளை கை கழுத்தில் இருக்கிறது. எல்லாரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள். பெண் மட்டும் குனிந்த தலையை லேசாகத் திருப்பி மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்துத் தடவை வெட்டி ஒட்டியவன் நான், ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. ஓடும்போது அது இமைக்கிற நேரம்தான். அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த சிக்கந்தர் எழுந்து வெளியே போய்விட்டான்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் தம்பி. நாந்தான் வந்துட்டேன்ல."

ஐந்து வருசமாகக் கல்யாணங்களை வெட்டி ஒட்டிய எனக்குப் படத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது, கண்ட இடத்தில் நின்று என் மானத்தை வாங்கிய அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்தான்.