உறை போட்ட கைகளுக்குக் காவல்

ஆபரேஷன் தியேட்டரில் ரோபோவின் நாலு கைக்கும் கலைமணி உறை போட்டு முடித்த நேரத்தில் அவள் புருஷன் மாதேஷ் போன் செய்தான். பைபாஸ் ஓரம் லாரியை நிறுத்தியாயிற்றாம்.

போனை அவளால் தொட முடியாது. கை கழுவி, கவுன் போட்டு, கிளவுஸ் மாட்டியாயிற்று. இனி கைகள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, மூக்கு அரித்தாலும் மேலே போகக் கூடாது. இன்னொரு நர்ஸான பானுமதிதான் தள்ளி நின்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மாமா, இதோ வந்துடறேன். பானு அக்காவக் காவலுக்கு வெச்சுட்டு வர்றேன்."

"அர மணி நேரந்தான் நிப்பேன் கலை. ஓனரு விடமாட்டாரு."

"களி கிளறியாந்திருக்கறேன். அவரைக்கொட்டைக் குழம்பு."

"அப்ப ஓட்டல் பக்கமே போவல," என்று வைத்தான்.

பானுமதி ரோபோவைக் காட்டிச் சிரித்தாள். "இந்த மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டியாச்சு, அந்த மாப்பிள்ளைக்குச் சோறா? கட்டினவனுக்கு இது எவ்வளவோ தேவலடி. வூட்டோட கெடக்குது."

கல்யாணமாகி நாலு வருஷம். அவர்கள் குடித்தனம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் பைபாஸ் ஓரத்தில்தான். பென்னாகரம் பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. அவள் தர்மபுரியில் ஒற்றை ரூமில் இருக்கிறாள். லாரி இந்த வழியாகப் போகும்போது சோற்றுத் தூக்குப்போசியோடு ஓடுவாள். அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள். இந்தத் தடவை கவுகாத்தி லோடு. போனால் ஒரு மாசமோ, ஒன்றரை மாசமோ. திரும்பி வருவதும் இந்த வழியாகத்தான் என்று சொல்வதற்கில்லை.

உறை போடுவது கோயம்புத்தூரில் போய்க் கற்று வந்த வேலை. மெல்லிசான பிளாஸ்டிக் உறையின் மடிப்புக்குள் தன் விரல்களை ஒளித்துக்கொண்டு, ரோபோக் கையின் நுனியில் நுழைத்து, தோள்வரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். வெளிப்பக்கம் எதிலும் உரசக் கூடாது. போட்டபின் அதைத் தனியாக விட்டுப் போகவும் கூடாது. யாரும் பார்க்காத நேரத்தில் ஈ உட்கார்ந்ததா, யாராவது இடித்தார்களா, யார் கண்டது? ஆளில்லாமல் விட்ட உறை அழுக்கு உறைதான். கழற்றிப் போட வேண்டியதுதான்.

கவுனை அவிழ்க்கக் கலைமணி முடிச்சைக் காட்டித் திரும்பப் போனாள். அதற்குள் கதவு திறந்தது. தொப்பூர் கணவாயில் வேன் கவிழ்ந்துவிட்டது. மயக்க டாக்டர் பக்கத்துத் தியேட்டருக்கு ஓடினார். பானுமதியையும் கூப்பிட்டார்கள்.

"வேற உறை செட் இருக்காக்கா?"

"ஏதுடி? சாயங்காலந்தான் சேலத்துலருந்து வரும்."

சாயங்காலம் ஆபரேஷன் டாக்டர் சென்னைக்கு ரயிலேறிவிடுவார். கடத்தூர்ப் பெரியவர் ஒருத்தர் நேற்று ராத்திரியிலிருந்து பட்டினியாக வெளியே படுத்திருக்கிறார். கலைமணி உறைகள் பக்கமே திரும்பி நின்றுகொண்டாள். பானுமதி மாதேஷின் நம்பரைப் போட்டு, போனைச் சுவரோர அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

"மாமா, வர முடியாது போலிருக்குது."

போனுக்குள் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"இப்ப என்ன பண்றே?"

"நிக்கறேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நாலு கை."

"எனக்கு ரெண்டு இங்க சும்மா கெடக்குது," என்றான்.

அவள் சிரித்தாள். முகக்கவசத்துக்குள் அந்தச் சிரிப்பு சூடாக வந்து முகத்திலேயே பட்டது. எதிரே நாலு கைகளும் உறைக்குள் மடங்கி நின்றன. ஏசிக் காற்றில் பிளாஸ்டிக் லேசாக உப்பி அடங்கியது, மூச்சு விடுவதுபோல.

"சரி, வெச்சுடு. நான் கெளம்பறேன்," என்றான்.

எப்போதும் போனை வைப்பவள் அவள்தான். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இப்போதும் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவளுக்கோ வைக்கக் கையில்லை. லாரிக் கதவு சாத்துவது கேட்டது. அவனோடு மாற்றி ஓட்டும் நஞ்சப்பன் ஏறுகிறார்.

"நான் தின்னுட்டு வந்துட்டேன். எங்கப்பா உம் பொண்டாட்டி? வர்லியா?"

"வந்துட்டு இப்பத்தாண்ணா போனா. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்."

"எனக்கு ஒரு உருண்ட வெச்சியா?"

"நீ கேப்பேன்னு யாரு கண்டா? முழுசாத் தின்னுட்டேன்."

"திம்ப, திம்ப. மூஞ்சியப் பாரு, பொண்டாட்டியப் பார்த்த களை!"

மாதேஷ் சிரிப்பது கேட்டது. 'மாமா' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், பைக்குள்ளிருந்து அவன் எடுத்துவிடுவான். வாய்வரை வந்தது. நஞ்சப்பன் பக்கத்தில் இருக்கிறார். அவர் முன்னால் அவனைப் பொய்யனாக்க அவளுக்கு மனசு வரவில்லை. லாக்கரில் களி ஆறிப்போயிருக்கும். லாரி கியர் மாறி ஏறுகிற உறுமல் தியேட்டர் முழுக்க நிறைந்தது. கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, உறைகளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

பானுமதி வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள்.

"வேன்ல வந்ததெல்லாம் பொழைச்சிக்கும்டி. டாக்டர் வர்றாரு, பெரியவரக் கொண்டாறாங்க." அலமாரிப் பக்கம் போனவள் நின்றாள். "ஐயய்யோ, லைன் இன்னும் ஓடுது!"

விரல் திரைக்குப் போனது.

"வுடுக்கா," என்றாள் கலைமணி, உறைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "டாக்டர் உள்ள வர்ற வரைக்கும் இருக்கட்டும்."