ஆறடி ஆளுக்கு ஒரு துளை

வீட்டிலேயே படகு வலிப்பதுபோல் பயிற்சி செய்ய ஒரு ரோயிங் மெஷினை நானே வரைந்திருந்தேன். நான் குள்ளம், கணவர் ஆறடி. இருவருக்கும் பொருந்த, கால்பலகையை அவரவர் அளவுக்குப் போட்ட துளையில் தள்ளி மாட்டிக்கொள்ளலாம். கணபதிப் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருவருமாகப் போய்ச் செய்யக் கொடுத்தோம்.

இன்று தனியாகப் போனேன். ஆளை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லாமல் ஒர்க்‌ஷாப்காரர் துளை போடமாட்டார். என் அளவுக்குப் போட்டு முடித்தார்.

“உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா அம்மணி?”

அவர் போன மாதம் தவறிவிட்டார்.

“இல்லீங்க.”

“வெளியூருங்களா? அவரு வந்தப்புறம் போட்டுக்கலாமுங்க.”

“சரிங்க” என்று வந்துவிட்டேன்.

கணபதிப் பக்கம் ஆறடி ஆள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை நீட்டினால் போதும். உடற்பயிற்சியெல்லாம் செய்ய வேண்டியதில்லை.