மறுப்பு வராத வாரம்

அத்தாவின் தோல் மண்டியைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மீதி நேரத்தில் தேதி வைப்பேன். கல்யாணத்துக்கு அல்ல, கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருளுக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்யும் இயங்குதளம் அது. புதிய பதிப்பு என்றைக்கு வெளிவரும், அதற்கு முன் என்றைக்கு எல்லா வேலையையும் நிறுத்திப் பூட்ட வேண்டும் என்று அட்டவணை போடுவது நாகல் நகர் மாடியறையில் உட்கார்ந்திருக்கும் நான்தான். நிரல் எழுத எனக்கு வராது. ஆட்களை விரட்ட வரும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தேதிகளின் வரைவை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவேன். ஒரு வாரத்துக்குள் யாரும் மறுத்து எழுதாவிட்டால் சம்மதம் என்று பொருள். பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரன் ஒருவன் மட்டும் தவறாமல் மறுப்பான். கம்ப்யூட்டரில் இதை நிறுவும்போது திரையில் தமிழ் வரச்செய்யும் பகுதி அவன் பொறுப்பு. தைப்பூசக் கூட்டம் என்பான், கரண்டு இல்லை என்பான், கடைசியில் வேலை இன்னும் முடியல, கொஞ்சம் பொறுங்க என்று முடிப்பான். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இந்த முறை வரைவை அனுப்பினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட அமைதி அது. எனக்குப் பயமாக இருந்தது. மண்டியில் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவன் எழுதியிருப்பானோ என்றுதான் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வரைவில் ஒரு வரி இருந்தது. பூட்டும் நாளன்று, பராமரிக்க ஆளில்லாத பகுதிகள் நீக்கப்படும். அவன் பகுதிக்கு ஆள் தேடித் தேடி அலுத்துவிட்டேன். அது போனால் நிறுவும் திரையின் அடியில் வரும் அவன் பெயரும் போய்விடும். கெடு முடியுமுன் அவன் மனைவியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன்.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. தண்ணீர் கொடுத்தாள். அவன் கம்ப்யூட்டரின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்று யார் சொல்லலாம் என்று கேட்டாள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வோம் என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் கடைசி பஸ்ஸைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வாரம் முடிவதற்குள் அவன் முகவரியிலிருந்து குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழில், ஒரே வரி. வேலை இன்னும் முடியல, கொஞ்சம் பொறுங்க. அவள் தட்டியது என்று தெரியும். தெரிந்தும் அனுப்பியவர் பெயரை இரண்டு தடவை படித்தேன். இறந்தவன் பெயரில் எழுதுவது யார், என்ன எழுதியிருக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் போடாமல் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா இப்புடிச் செஞ்ச?"

"சும்மா இருந்தா சரின்னு ஆயிருமுங்களே அண்ணா. அவரு போனதுக்கே நான் இன்னும் சரின்னு சொல்லலீங்க."

தேதியைத் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, ஆள் கிடைக்கப் போவதில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு, பூட்டுவது என்றைக்கு என்று மட்டும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"சரிங்க" என்றாள்.

ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது என்று குழுவின் பதிவில் அவன் பெயருக்கு நேரே நானே எழுத வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தவரை அவன் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.