கால்வாய்க் கதவுக்குள் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் தேங்காய்ப்பட்டணம். கடலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் நாலு வரி வரும். முகத்தைப் பார்க்க முடியாது. போன முறை கிளம்புவதற்கு முன் டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு சிகரெட்டை விடச் சொன்னார். இவரும் என் மாமியார் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

ஐந்தாம் மாதம் ஒரு சேதி வந்தது. கப்பல் ஆம்ஸ்டர்டாம் போகிறது. கடலிலிருந்து அந்த ஊருக்குப் போக ஒரு கால்வாய். அதன் வாயில் ‘லாக்’ என்று ஒன்று. கப்பலை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் கதவை அடைத்து, தண்ணீர் மட்டம் சரியான பிறகு எதிர்க்கதவைத் திறப்பார்களாம். அதை ஒரு கேமரா எந்நேரமும் யூடியூபில் காட்டுகிறது. ‘நம்ம நேரம் அஞ்சு மணிக்கு அங்க வருவோம். அடுக்களை வாசல்ல நிப்பேன். அம்மைக்குக் காட்டு’ என்று எழுதி, லிங்க்கையும் அவரே அனுப்பியிருந்தார்.

மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பெரிதாகத் தெரியட்டும் என்று டிவியிலேயே போட்டேன். அடுத்த வீட்டு டீச்சரும் வந்து உட்கார்ந்தாள். படம் சரியாக வருகிறதா பார்க்கலாம் என்று நாலு மணிக்கே திறந்துவிட்டோம்.

“கால்வாய்னா நம்ம ஊர்ல ஒண்ணு கிடக்கே, அது போலயா?” என்றார் மாமியார்.

“அதுல ஆகாயத்தாமரைக்க மேல கோழி நடந்து போகுது மாமி. இதுல கப்பல் போகும்.”

நாலேகாலுக்கு நீலக் கப்பல் ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. பெயரைப் படித்த டீச்சர் துள்ளினாள். அவருடைய கப்பலேதான், முக்கால் மணி நேரம் முந்தி வந்துவிட்டது. பின்னால் கதவு அடைபட்டது. கப்பலின் பின்பக்கம், ஒரு வாசலருகே, வெள்ளை ஏப்ரன் கட்டிய ஆள் கம்பியில் சாய்ந்து நின்றார். தலையைச் சொறிந்த விதத்திலேயே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

மாமியார் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். “அது என்னட்டி புகை? அடுப்பை வெளியில வச்சிருக்கானா?”

நான் போனை எடுத்தேன். கரையோரம் வந்தால் அவர் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்க நிக்கிய?”

“அடுக்களையில. மீன் வெட்டிட்டு நிக்கேன்.”

கேமராப் படம் அரை நிமிடம் பிந்தி வரும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. டிவியில் இருந்தவருக்கு இன்னும் போனே அடிக்கவில்லை. நிம்மதியாக ஒரு இழுப்பு இழுத்து, வானத்தைப் பார்த்து ஊதினார்.

“கையில என்ன?”

“கத்தி.”

மாமியார் போனை என்னிடமிருந்து வாங்கினார். “மக்கா, கத்தியில இருந்து புகை வருதே.”

டிவியில் அவர் சாவகாசமாகப் போனை எடுத்தார், பேசினார், திடீரென்று விறைத்துப்போனார். சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதித்தார். இடமும் வலமும் மேலும் கேமராவைத் தேடிவிட்டு, கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“உள்ள போறேன் அம்மா, மீனு கரிஞ்சிரும்.”

“வெட்டிட்டு நிக்க மீனு எப்பிடிலே கரியும்? அங்கேயே நில்லு!”

நின்றார். கப்பலும் நின்றது. எதிர்க்கதவு திறக்கும்வரை, அரை மணி நேரம், டாக்டர் சொன்னது முதல் அவர் ஆறாம் வகுப்பில் பீடி குடித்துப் பிடிபட்டது வரை மாமியார் ஒன்றையும் விடவில்லை. எவ்வளவு திட்டினாலும் மாமியாரின் கண் மட்டும் டிவியை விட்டு நகரவில்லை.

கதவு திறந்து, கப்பல் கால்வாய்க்குள் நகர்ந்து, படத்தைவிட்டு வெளியே போனது. மாமியார் போனை என்னிடம் தந்தார்.

“மெலிஞ்சு போனான்” என்றார். கண்ணைத் தேய்க்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் மகனை உள்ளே விடாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு காலி சிகரெட் பெட்டியின் படம் அனுப்பினார். ‘மிச்சம் எல்லாத்தையும் குப்பையில போட்டாச்சு.’

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “பெட்டியைத்தான காட்டுகாரு? குப்பையைக் காட்டலியே.”

அதை நான் மாமியாரிடம் சொல்லவில்லை. அவர் டிவி முன்னால் உட்கார்ந்து, அடுத்த துறைமுகத்தில் கேமரா உண்டா என்று தேடச் சொல்லிக்கொண்டிருந்தார்.